வெந்நீர்க் கருவியைக் கொல்வது எது?

சேலம், இராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் பக்கத்து வீடுகளில் அடிக்கடி காதில் விழும் அலுப்பு ஒன்று உண்டு. "கீசர் வாங்கி நாலு வருஷங்கூட ஆகலை, அதுக்குள்ள ஒழுக ஆரம்பிச்சிடுச்சு" என்பார்கள். பழுது பார்ப்பவர் வந்து மூடியைக் கழற்றுவார். உள்ளே எட்டிப் பார்ப்பார். "டாங்க் போயிடுச்சுங்க, புதுசுதான் வாங்கணும்" என்பார். அத்துடன் தொல்லை தொடங்கும்.

புதிய கருவிக்குப் பல ஆயிரம் ரூபாய் வேண்டும். பழையதை இறக்கக் குழாய் வேலைக்காரர் வர வேண்டும். மின் இணைப்புக்கு வேறொருவர் வர வேண்டும். புதிய கருவியின் கொக்கி பழைய ஆணிக்குப் பொருந்தாது. சுவரில் மீண்டும் துளை போட்டால் டைல்ஸ் விரியும். இணைப்புக் குழாய்க்கும் வால்வுக்கும் தனி விலை. வேலை முடியும்வரை சமையல் அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக் குளியலறைக்குத் தூக்க வேண்டும். பழைய கருவியோ எடைக்கு எடை பழைய இரும்பு விலைக்குப் போகும்.

இந்தச் செலவைத் தள்ளிப்போட முடியாதா? முடியும். வெந்நீர்க் கருவி முதுமையால் மட்டும் சாவதில்லை. பெரும்பாலும் அதற்குள் ஊற்றும் தண்ணீர்தான் அதைக் கொல்கிறது. அதைத் தடுக்கும் வழியை அறிவியல் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டது. அந்த வரலாற்றைக் காண்போம்.

தாமிரப் பாய்லர்

நம் ஊர்ப்புறங்களில் முன்பு வீட்டின் பின்புறம் மூன்று கல் கூட்டி, அதன்மேல் ஓர் அண்டாவை ஏற்றி வைத்திருப்பார்கள். தென்னை மட்டை, பருத்திமாறு, மரவள்ளிக் குச்சி என்று தோட்டத்தில் எது கிடைக்கிறதோ அதுவே எரிபொருள். நகரத்து வீடுகளில் தாமிரப் பாய்லர் இருந்தது. உருளை வடிவப் பாத்திரம். அதன் நடுவே மேலிருந்து கீழாக ஒரு குழல். குழலுக்குள் கரியோ கொட்டாங்கச்சியோ எரியும். அதைச் சுற்றி நீர் நிற்கும். அடியில் சாம்பல் விழும் தட்டும், பக்கத்தில் ஒரு குழாயும் உண்டு.

இந்த அமைப்பில் நல்ல பௌதிகம் இருக்கிறது. அண்டாவின் அடியில் மூட்டிய தீயின் வெப்பம் பெரும்பகுதி பக்கவாட்டில் காற்றோடு போய்விடும். பாய்லரிலோ தீயையே நீர் சூழ்ந்திருப்பதால் வெப்பம் நீரைக் கடந்துதான் வெளியேற வேண்டும். தாமிரம் சிறந்த வெப்பக் கடத்தி என்பது மற்றொரு நன்மை.

இன்னொன்றையும் நீங்கள் கவனிக்க வேண்டும். பாய்லரின் வாய் மூடியால் மட்டுமே மூடப்பட்டிருந்தது. உள்ளே வெள்ளையாக உப்புக் கட்டுவது கண்ணுக்குத் தெரியும். தட்டிச் சுரண்டி எடுத்துவிடலாம். அடிப்பகுதி தேய்ந்து ஓட்டை விழுந்தால் பாத்திரக்காரரிடம் கொடுத்துப் பற்ற வைத்து வாங்கலாம். முப்பது ஆண்டு உழைத்த பிறகும் தாமிரத்துக்கு விலை உண்டு. சுருங்கச் சொன்னால், பாய்லரைப் பழுது பார்த்தார்கள், கீசரையோ மாற்றுகிறார்கள். இந்த மாற்றம் எப்படி வந்தது?

ஐஸ்லாந்திலிருந்து ஒரு பெயர்

'கீசர்' என்ற சொல் ஐஸ்லாந்துத் தீவைச் சேர்ந்தது. அங்கே 'கெய்சிர்' என்னும் வெந்நீர் ஊற்று பூமிக்குள்ளிருந்து பீறிட்டு எழும். 1868-ஆம் ஆண்டு இலண்டனில் பெஞ்சமின் மாகன் என்பவர் வீட்டுக் குளியலுக்கான வெந்நீர்க் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். வண்ணப்பூச்சுத் தொழிலில் இருந்தவர் அவர். வாயு விளக்குகளுக்கு வந்த எரிவாயுவையே தம் கருவிக்கும் பயன்படுத்தினார். வேண்டும்போது உடனே வெந்நீர் கொட்டியதால் அதற்கு அந்த ஊற்றின் பெயரையே சூட்டினார்.

ஆனால் அக்கருவியில் ஒரு பெருங்குறை இருந்தது. எரிந்த புகை வெளியேறப் புகைபோக்கி கிடையாது. மூடிய குளியலறையில் எரிவாயு எரிந்தால் உயிர்வாயு குறையும். கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு பெருகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இன்றும் காற்றோட்டமற்ற குளியலறைக்குள் எரிவாயுக் கீசரை மாட்டக்கூடாது என்று எச்சரிப்பதற்கு இதுவே காரணம்.

மாகனின் கருவியை அடுத்து வந்தது சேமிப்புக் கலம். நார்வே நாட்டிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய எட்வின் ரூட் என்ற பொறியாளர் 1889-இல், நீரைத் தொட்டியில் தேக்கித் தானாகவே சூடாக்கி வைக்கும் கருவியை அமைத்தார். நீர் சூடேறியதும் எரிவாயு அடங்கும். ஆறினால் மீண்டும் எரியும். இப்போது நம் சுவர்களில் தொங்கும் கருவிக்கு இதையே முன்னோடி எனலாம்.

அதே காலத்தில் சூரியனும் துணைக்கு வந்தது. 1891-இல் பால்டிமோர் நகரத்துக் கிளாரன்ஸ் கெம்ப் கருப்பு வண்ணம் பூசிய தொட்டிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வெயிலில் நீரைச் சூடாக்கினார். இரவில் நீர் ஆறிவிட்டது. 1909-இல் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி, வெயிலைப் பிடிக்கும் தட்டையும் நீர்த்தொட்டியையும் தனித்தனியாகப் பிரித்தார். சூடான நீர் அடர்த்தி குறைந்து மேலே ஏறும். குளிர்ந்த நீர் கீழே இறங்கும். பம்பு எதுவும் இல்லாமல் நீர் தானே சுழலும். வெப்பம் வெளியேறாதபடி மூடிவைத்த தொட்டியில் மறுநாள் காலைவரை சூடு நின்றது. நம் மொட்டை மாடிகளில் காணும் சூரிய வெந்நீர்க் கருவிகள் இந்தத் தத்துவத்திலேயே இயங்குகின்றன.

மின்சாரம் வந்தது

மின்சாரத்தால் நீரைச் சூடாக்கும் விதியை வகுத்தவர் மான்செஸ்டர் அருகே மது வடிக்கும் ஆலை நடத்திய குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் ஜூல். கம்பிச் சுருளை நீருக்குள் வைத்து மின்னோட்டத்தைச் செலுத்தி, நீரின் வெப்பநிலை எவ்வளவு உயர்கிறது என்று அளந்தார். வெப்பம் மின்தடையையும், மின்னோட்டத்தின் இருமடியையும் பொறுத்தது என்று 1841-இல் வெளியிட்டார். கல்லூரியில் நாம் செய்யும் ஜூல் கலோரிமானிச் சோதனையும் குளியலறை கீசரும் ஒன்றுதான், அளவுதான் வேறு.

ஆனால் செஞ்சூடாகியும் எரிந்துபோகாத கம்பி கிடைக்க மேலும் அறுபத்தைந்து ஆண்டுகள் ஆயின. 1906-இல் ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகக் கலவைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய 'காயில்' பெரும்பாலும் இந்த வகைக் கம்பியே. கம்பி நீரைத் தொடாதபடி அது ஓர் உலோகக் குழாய்க்குள் வைக்கப்பட்டு, இடைவெளியில் மக்னீசியம் ஆக்சைடுத் தூள் இறுக்கி நிரப்பப்படுகிறது. இந்தத் தூள் மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் வெப்பத்தை நன்றாகவே கடத்தும். ஏறத்தாழ 2,800 டிகிரி வரை உருகவும் உருகாது. மக்னீசியம் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் அதனிடம் வருவோம்.

நம் பகுதியில் மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்தது. 1937-இல் அணையடி மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. விளக்கு முதலில் வந்தது. விசிறியும் பம்பு செட்டும் பிறகு வந்தன. வெந்நீர்க் கருவி வெகு பின்னரே வந்தது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 15 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்த வேண்டும். வெப்பநிலை உயர்வு 35 டிகிரி. தேவையான வெப்பம் 15 × 35 = 525 கிலோ கலோரி. இது ஏறத்தாழ 0.61 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 2 கிலோவாட் கருவி இதைப் பதினெட்டு நிமிடங்களில் தந்துவிடும். உங்கள் வீட்டுக் கருவி இதே வேலைக்கு அரை மணிக்கு மேல் எடுத்துக்கொண்டால், ஏதோ கோளாறு என்று அறியலாம்.

நீர் கல்லாகும் விந்தை

சேலம், நாமக்கல் சமவெளியின் அடியில் நைஸ், சார்னோகைட்டு போன்ற மிகப் பழைய கடும்பாறைகள் உள்ளன. நீர் இப்பாறைகளின் வெடிப்புகளில்தான் தங்கும். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு வலுக்குறைந்த அமிலமாகிறது. போகும் வழியில் சுக்கான் கல்லையும் பாறையையும் சிறிது சிறிதாகக் கரைத்து, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் சுமந்துகொள்கிறது. இதுவே கடின நீர்.

கமலை கட்டி இறைத்த திறந்த கிணறுகளின் காலம் போய், ஆழ்குழாய்க் கிணறுகளின் காலம் வந்தது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் சென்று துளையிடுகின்றன. நம் ஊரிலேயே பல நூறு அடி ஆழம் இறங்கித்தான் நீர் எடுக்கிறோம். நீர் பாறையோடு எவ்வளவு காலம் உறவாடுகிறதோ, பொதுவாக அவ்வளவு உப்பைக் கரைத்துக்கொள்ளும். எனவேதான் நம் வீடுகளில் காவிரி நீருக்கு 'நல்ல தண்ணி' என்றும், போர் நீருக்கு 'உப்புத் தண்ணி' என்றும் இரு பெயர்கள். குடிக்க நல்ல தண்ணீர். குளிக்க உப்புத் தண்ணீர். கீசருக்குள் போவது இந்த இரண்டாவது தண்ணீர்தான்.

கடின நீரைச் சூடாக்கினால் என்ன ஆகிறது? அதில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட்டு சிதைகிறது. கரியமில வாயு வெளியேறுகிறது. கரையாத கால்சியம் கார்பனேட்டு படிகிறது. சர்க்கரை போன்ற பொருள்கள் சூட்டில் கூடுதலாகக் கரையும். கால்சியம் கார்பனேட்டோ சூட்டில் குறைவாகவே கரையும். ஆகவே கருவியில் எந்த இடம் மிகச் சூடாக இருக்கிறதோ அங்கேதான் முதலில் கல் கட்டும். அந்த இடம் காயில்.

எவ்வளவு கட்டும்? குடிநீருக்கான இந்தியத் தர அளவின்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லி கிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு. உங்கள் போர் நீரில் 400 இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாள்தோறும் 50 லிட்டர் வெந்நீர் எடுத்தால், கருவிக்குள் நுழையும் கடின உப்பு 20 கிராம், ஆண்டுக்கு 7.3 கிலோ. அதில் பெரும்பகுதி நீரோடு வெளியே போய்விடும். பத்தில் ஒரு பங்கு தங்கினாலும் ஆண்டுக்கு முக்கால் கிலோ கல்!

இங்கே ஒரு தவறான கருத்தைத் திருத்த வேண்டும். காயிலில் உப்புக் கட்டினால் மின்சாரம் மிகுதியாக வீணாகும் என்பார்கள். விறகுப் பாய்லருக்கு அது பொருந்தும். அங்கே நீருக்குள் போகாத வெப்பம் புகையோடு போய்விடும். மின்சாரக் காயிலோ நீருக்குள்ளேயே இருக்கிறது. அதில் பிறக்கும் வெப்பம் தாமதமாகவேனும் நீருக்குத்தான் போக வேண்டும். எனவே இழப்பு யூனிட்டில் இல்லை. காயிலின் ஆயுளில் இருக்கிறது. தாமிரத்தோடு ஒப்பிட்டால் இந்தச் சுண்ணாம்புப் படிவு நூற்றுக்கும் மேற்பட்ட மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். போர்வை போர்த்திய காயில் உள்ளே மேலும் மேலும் சூடாகிறது; ஒருநாள் உறை வெடித்துக் கம்பி அறுகிறது.

டேவியின் கப்பல்

காயில் போனால் காயிலை மட்டும் மாற்றலாம். தொட்டி ஒழுகினால் கருவியே போயிற்று. தொட்டியை அரிப்பதைத் தடுக்கும் வழி கடலில் பிறந்தது என்றால் வியப்பாக இருக்கும்.

பிரிட்டிஷ் கடற்படையின் மரக்கப்பல்களின் அடியில் தாமிரத் தகடு பொருத்தியிருந்தார்கள். கடல்நீர் அத்தகட்டை விரைவில் அரித்துத் தின்றது. கடற்படையினர் ஹம்ப்ரி டேவியிடம் வழி கேட்டனர். 1824-இல் அவர் இராயல் சொசைட்டியில் தம் விடையை வெளியிட்டார். தாமிரத்தோடு துத்தநாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ இணைத்துவிட்டால் போதும். கடல்நீர் அந்தத் துண்டை அரிக்கும், தாமிரத்தைத் தொடாது. இரு உலோகங்களும் நீரும் சேர்ந்து ஒரு மின்கலமாகின்றன. எளிதில் எலெக்ட்ரானை இழக்கும் உலோகம் கரைந்து, மற்றதைக் காக்கிறது.

டேவியின் முறை வெற்றியும் பெற்றது, தோல்வியும் கண்டது. தாமிரம் அரிக்கப்படவில்லை. ஆனால் முன்பு தாமிரம் கரைந்து நீரில் கலந்தபோது அதன் நஞ்சால் விலகி நின்ற பாசியும் சிப்பியும் இப்போது கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டன. கப்பலின் வேகம் குறைந்தது. கடற்படை அம்முறையைக் கைவிட்டது. தத்துவம் மட்டும் நிலைத்தது.

வெந்நீர்க் கருவிகளில் தொட்டி எஃகால் ஆனது. 1936-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து ஏ.ஓ. ஸ்மித் நிறுவனம் தொட்டியின் உட்புறத்தில் கண்ணாடிப் பூச்சு ஏற்றும் முறைக்குக் காப்புரிமை பெற்றது. நீர் எஃகைத் தொடவே கூடாது என்பது நோக்கம். ஆனால் பூச்சில் ஊசிமுனை அளவு துளையோ மயிரிழை விரிசலோ இல்லாமற் போகாது. அந்த இடங்களைக் காக்கவே டேவியின் தத்துவத்தில் ஒரு மக்னீசியத் தண்டு தொட்டிக்குள் தொங்கவிடப்படுகிறது. தொட்டி பிழைப்பதற்காகத் தண்டு கரைகிறது. இதைத் 'தியாக ஆனோடு' என்று அழைப்பது பொருத்தமே.

தண்டு முழுவதும் கரைந்த பிறகு நீர் அடுத்ததாக எஃகை அரிக்கத் தொடங்கும். உப்பு மிகுந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் தண்டு விரைவாகவே கரையும். தண்டின் விலை சில நூறு ரூபாய். தொட்டி போனால் பல ஆயிரம். விரல் பருமனான புதுத் தண்டையும், நம் ஊர் நீரில் இருந்து கம்பியாக இளைத்துப்போன பழைய தண்டையும் வகுப்பில் அருகருகே வைத்துக் காட்டுவது என் வழக்கம். மின்வேதி வரிசையை அதைவிட எளிதாக விளக்க முடியாது.

இந்த மக்னீசியம் நமக்கு அந்நியமன்று. சேலத்திலிருந்து ஜோலார்பேட்டை நோக்கிச் செல்லும் இரயிலில் 'மேக்னசைட் ஜங்ஷன்' என்ற நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் சுற்றுப்புறக் குன்றுகளில் வெள்ளைக்கல் எடுக்கிறார்கள். ஆங்கிலேயர் அதைச் சுண்ணாம்பு என எண்ணும்படி வெண்மையாகத் தோன்றியதால் குன்றுகளுக்கு 'சாக் ஹில்ஸ்' என்று பெயர் வந்தது. உண்மையில் அது மக்னீசியம் கார்பனேட்டு. 1979-இல் தமிழ்நாடு மேக்னசைட் நிறுவனம் அரசால் தொடங்கப்பட்டது. இந்தக் கல்லைச் சுட்டால் உயர்ந்த வெப்பத்தைத் தாங்கும் மக்னீசியம் ஆக்சைடு கிடைக்கும். உலைகளின் உட்சுவருக்கு அது வேண்டும். ஆக, ஒரே தனிமம் நம் குன்றில் கல்லாகவும், கிணற்றில் கடினமாகவும், காயிலில் காப்பாகவும், தொட்டியில் காவலாகவும் இருக்கிறது.

ஒழுகும் வால்வு ஒரு நண்பன்

நீர் சூடேறினால் விரியும். 15 லிட்டர் நீர் 25-லிருந்து 60 டிகிரிக்கு வரும்போது ஏறக்குறைய 200 மில்லி லிட்டர், அதாவது ஒரு தம்ளர் அளவு விரிகிறது. மூடிய தொட்டியில் அதற்கு இடமேது? எனவே அழுத்தம் மிகும்போது நீரை வெளியே விட ஒரு பாதுகாப்பு வால்வு வைத்திருக்கிறார்கள். காயும்போது அதிலிருந்து சில சொட்டுகள் விழுந்தால் அது பழுதன்று. அதை அடைப்பது பேராபத்து. கடின நீர் இந்த வால்வையும் கல்லால் அடைத்துவிடும். அப்போது வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் பழுதானால் தொட்டி வெடிக்கவும் கூடும். திறந்த வாய்ப் பாய்லரில் இல்லாத இந்த அபாயம் மூடிய தொட்டியில் உண்டு. பணம் ஒருபுறம் இருக்க, இது உயிரைக் காக்கும் செய்தி என்பதை மறக்க வேண்டாம்.

நீங்கள் செய்யக்கூடியவை

முதலில் உங்கள் நீரை அறிந்துகொள்ளுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் செலுத்தி நீரைச் சோதிக்கலாம். சோப்பு நுரைக்காவிட்டாலே கடினம் என்று ஊகிக்கலாம்.

ஆண்டுக்கு ஒருமுறை, உப்பு மிகுந்த இடங்களில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தேர்ந்த பணியாளரைக் கொண்டு கருவியைத் திறக்கச் செய்யுங்கள். மின் இணைப்பை முற்றிலும் துண்டித்து, நீரை வடித்த பிறகே திறக்க வேண்டும். கழற்றிய காயிலின் படிவை எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்துக் கரைக்கலாம். கடுமையான அமிலம் உலோகத்தையும் பூச்சையும் அரிக்கும். மக்னீசியத் தண்டை அந்தக் கரைசலில் போடாதீர்கள். தண்டு பாதிக்குமேல் கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். பாதுகாப்பு வால்வு தடையின்றித் திறக்கிறதா என்றும் அன்றே பார்க்கச் சொல்லுங்கள். நில இணைப்பையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

வெப்பநிலையைத் தேவைக்குமேல் உயர்த்தாதீர்கள். 75 டிகிரிக்குச் சூடாக்கிக் குளிர்ந்த நீர் கலந்து குளிப்பதைவிட 60 டிகிரியில் நிறுத்துவது நல்லது, படிவும் குறையும். அதேசமயம் வெதுவெதுப்பான நீரை நாள்கணக்கில் தொட்டியில் தேக்கி வைக்கவும் கூடாது. லெஜியோனெல்லா என்னும் நோய்க்கிருமிக்கு அது ஏற்ற இடம்.

புதிதாக வாங்க நேர்ந்தால் உத்தரவாத அட்டையை முழுவதும் படியுங்கள். தொட்டிக்கு ஒரு காலம், காயிலுக்கு வேறொரு காலம் இருக்கும். உப்புப் படிவால் வரும் பழுதுக்குப் பொறுப்பில்லை என்று சிறிய எழுத்தில் இருக்கக்கூடும். மக்னீசியத் தண்டு எங்கே இருக்கிறது, தனியாகக் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பழைய கருவியின் கொக்கிகளுக்கும் குழாய்களுக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொண்டு சென்றால் சுவரை உடைக்கும் வேலை குறையும். காவிரி நீர் போதிய அளவு வரும் வீடுகளில் கீசருக்கு மட்டுமேனும் அந்த நீரைத் தனிக் குழாயில் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். மாடியில் சூரிய வெந்நீர்க் கருவி வைத்திருப்பவர்களுக்கும் இவை பெரும்பாலும் பொருந்தும். குறுகிய தாமிரக் குழாய்களுக்குள் கல் கட்டினால் நீரின் சுழற்சியே நின்றுவிடும்.

பாய்லரின் உப்பைச் சுரண்டிய நம் பாட்டிமார்க்கு மின்வேதியியல் தெரியாது. ஆனால் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்க்கும் பழக்கம் இருந்தது. மூடிய தொட்டிக்கும் அந்தப் பழக்கம் வேண்டும். அடுத்த குளிர்காலம் தொடங்குமுன் உங்கள் வீட்டுக் கருவியை ஒருமுறை திறந்து பார்க்கச் செய்யுங்கள்.